அறுபத்து மூன்றாவது விண்ணப்பம்

டார்லா ப்ரூஸிக், பத்தொன்பது வருடமாகத் தான் பார்த்துவரும் வேலைக்குத் தகுதியில்லாதவள் என்ற செய்தி ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. அனுப்பியது பல்கலைக்கழகத்தின் பணியாளர் அலுவலகம். மிக மரியாதையான கடிதம். எல்லாப் பதவிகளையும் புதிதாக வகைப்படுத்தியிருக்கிறார்களாம். வென்லாக் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையில் மாணவர் சேர்க்கையைக் கவனிக்கும் பதவிக்கு இனி இளநிலைப் பட்டம் கட்டாயமாம். டார்லாவிடம் பட்டம் இல்லாவிட்டாலும் யாரும் அவளை வெளியே அனுப்பப் போவதில்லை; இருக்கிற இடத்திலேயே இருந்துகொள்ளலாம். சம்பள உயர்வு, பதவி உயர்வு என்ற பேச்சு மட்டும் கிடையாது. கடைசி வரியில் அவளுடைய நீண்ட சேவைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு ஒரு வகுப்பு இருந்தது. பட்டச் சான்றிதழ் அசலா போலியா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று, அதே பணியாளர் அலுவலகத்திலிருந்து வரும் மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். போய்ச் சொல்லிக்கொடுத்தாள். மூவரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு உணவுக்கு அவளும் கணவன் கர்ட்டும் ஏரிக்கரை விடுதியில் வறுத்த மீன் சாப்பிடப் போவது வழக்கம். விஸ்கான்சினில் அந்தப் பக்கத்தில் எல்லோருமே வெள்ளிக்கிழமை அதைத்தான் செய்வார்கள். கர்ட் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். கடிதத்தைப் பற்றி அவள் சொன்னதும் எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டான்.

"பத்தொம்பது வருஷம் கழிச்சு இப்பதான் கண்டுபிடிச்சாங்களா?"

"கண்டுபிடிக்கல. வகைப்படுத்தியிருக்காங்க."

"என்னையும் வகைப்படுத்திருவாங்களோ. பனி தள்ள என்ன படிச்சிருக்கணும்?"

"உன்ன எவன் கேப்பான். நீ வரலேன்னா ரோடு மூடிக்கும், எல்லாருக்கும் கண்ணுல தெரியும். நான் வரலேன்னா என்ன தெரியும்? ஒரு கடுதாசி ரெண்டு நாள் லேட்டாப் போகும்."

கர்ட் சரிதான் என்று தலையாட்டினான். அவளுடைய முட்டைக்கோஸ் சாலட்டையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "அப்ப பட்டத்த வாங்கிரு. போய் முடி," என்றான், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வா என்கிற மாதிரி.

பால் வாங்குவதுபோலத்தான் அது முடிந்தது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. ஆனால் வேகமாக முடிந்தது என்பது உண்மை.

நாட்டின் இன்னொரு கோடியில் ஓர் ஆன்லைன் பல்கலைக்கழகம் இருந்தது. அதற்கு வகுப்பும் இல்லை, மணியும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். அதற்குள் எத்தனை பாடம் முடிக்கிறோமோ அது நம் சாமர்த்தியம். தேர்வு எழுதத் தயார் என்று தோன்றிய நாளில் எழுதலாம். பாஸ் செய்தால் அடுத்த பாடம் திறக்கும். மதிப்பெண் என்று எதுவும் தரமாட்டார்கள். பாஸ் என்றால் பாஸ், அவ்வளவுதான். இருபத்தாறு வருடத்துக்கு முன் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் மூன்று பருவம் படித்து டார்லா விட்டிருந்த பாடங்களையும் அவர்கள் பெரிய மனதோடு கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். தரவுப் பகுப்பாய்வில் இளநிலைப் பட்டம். மே முதல் தேதி சேர்ந்தாள்.

வழிகாட்டி என்று ஜோயல் என்பவனை ஒதுக்கியிருந்தார்கள். வாரம் ஒருமுறை போன் செய்வான்.

"டார்லா, இந்த வாரம் எப்படி இருக்கீங்க? எத்தன பாடம்?"

"மூணு."

"சூப்பர். நீங்க ஒரு புயல். இதேபோல போங்க."

"ஜோயல், கால்குலஸ்ல ஒரு சந்தேகம்."

"அதுக்கு வேற ஆள் இருக்காங்க டார்லா. நான் உற்சாகத்துக்கு மட்டும்தான்."

காலை நாலே முக்காலுக்கு எழுந்து ஏழு மணி வரை படித்தாள். மதிய இடைவேளையில் வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து படித்தாள். கால்குலஸில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை, தோற்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்து பாஸ் செய்தாள். தேர்வுகள் வீட்டில்தான். கம்ப்யூட்டர் கேமரா வழியாக எங்கோ ஒருவர் கண்காணிப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. முதல் தேர்வு அன்று கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்ன பெண், கர்ட் வேட்டையாடிச் சுவரில் மாட்டியிருந்த மானின் தலையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"மேடம், உங்களுக்குப் பின்னால யாரோ இருக்காங்க."

"அது மான்."

"கண்ணு தெரியுது மேடம். விதிப்படி அறையில வேற கண்ணு இருக்கக் கூடாது."

துணி காயப்போட்டிருந்த இடத்திலிருந்து கர்ட்டின் பனியனை எடுத்து வந்து மானுக்கு மாட்டினாள். அந்த ஐந்து மாதமும் மான் பனியனோடு இருந்தது.

இதற்குள் அவள் எதிர்பாராத ஒன்று நடந்துவிட்டது. புள்ளியியல் அவளுக்குப் பிடித்துப்போனது. பத்தொன்பது வருடம் அந்தத் துறையின் வாசலில் உட்கார்ந்திருந்தும், உள்ளே என்ன செய்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. காபி அதிகம் குடிக்கிறவர்கள், ரசீதுகளைத் தொலைக்கிறவர்கள் என்றுதான் பேராசிரியர்களைத் தெரியும். இப்போது ஒரு பாடத்தில், இரண்டு விஷயங்கள் கூடவே ஏறி இறங்குகின்றனவா, அல்லது அப்படித் தோன்றுகிறதா என்று பார்க்கும் வழியைப் படித்தபோது, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தாள். ஊரில் பாதிப் பேர் தோன்றுவதை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அதைக் கணக்காகப் போட்டுப் பார்க்க முடியும் என்பது புதுச் செய்தியாக இருந்தது.

பட்டத்துக்குக் கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். டார்லாவுக்குத் தெரிந்த தரவு ஒன்றே ஒன்றுதான். முதுநிலைப் படிப்புக்கு வரும் ஆயிரத்துச் சொச்சம் விண்ணப்பங்களிலிருந்து வருடா வருடம் முப்பது பேரைத் துறை எடுக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சேர்க்கைக் குழு பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடும். சேர்ந்தபின் முதல் வருடத் தேர்வில் அவர்கள் என்ன வாங்கினார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. குழுவின் புள்ளிக்கும் மாணவர்கள் பிறகு படித்த லட்சணத்துக்கும் என்ன சம்பந்தம்? யாரும் பார்த்ததில்லை.

அனுமதி கேட்டு ஹெடி லிண்ட்க்விஸ்ட்டிடம் போனாள். ஹெடி நிகழ்தகவு கற்பிக்கிற பேராசிரியை, அறுபத்திரண்டு வயது, சிரிப்பை விடுமுறைக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறவள். பெயர்களை எல்லாம் நீக்கி, எண்ணாக மட்டும் தரவு கிடைக்க ஏற்பாடு செய்து, உரிய தாளில் கையெழுத்தும் போட்டாள்.

"எத்தன நாள்ல முடிக்கணும்?"

"மூணு வாரம்."

"மூணு வாரத்துல நான் தலைப்பே வெச்சதில்ல," என்றாள் ஹெடி. கட்டுரை வந்து சேரும் என்று அவள் நம்பவில்லை.

கட்டுரை முடிந்தது. பதினான்கு வருடம், நானூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள். சேர்க்கை இயக்குநர் ஆல்டன் விட்காம் ஒன்பது போட்டவர்களும் ஆறு போட்டவர்களும் ஒரே மாதிரிதான் படித்திருந்தார்கள். சம்பந்தம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. டார்லா கணக்கை மூன்று முறை சரிபார்த்தாள். யாரையும் குறை சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. விடை அப்படி வந்துவிட்டது.

அக்டோபர் பதினோராம் தேதி பட்டம் கிடைத்தது. ஐந்து மாதம் பதினோரு நாள். ஜோயல் போனில் அழுதான். அவன் எல்லோருக்கும் அழுவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் பணியாளர் அலுவலகத்துக்குத் திருப்தி, கதையும் இல்லை. ஆனால் கால்குலஸில் இரண்டு தடவை விழுந்து எழுந்தவளுக்கு, அந்தச் சன்னல் வழியே பார்த்ததை மேற்கொண்டும் பார்க்க ஆசை வந்துவிட்டது. முதுநிலைக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தாள். ஐம்பது மைல் சுற்றுவட்டாரத்தில் புள்ளியியலுக்கு முதுநிலை இருந்தது ஒரே இடத்தில்தான். அவளுடைய மேஜையிலிருந்து எட்டு அடி.

விட்காம் ரொம்ப நல்ல மனிதர்போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"நம்ம துறைக்கா, டார்லா?"

"ஆமா ப்ரொஃபசர்."

"ரொம்ப சந்தோஷம். உங்களுக்குத் தெரியாததில்ல, போட்டி கடுமை. அப்புறம், நீங்களே விண்ணப்பிக்கிறதால இந்த வருஷம் கோப்பு எதையும் தொடக் கூடாது. எட்டிக்கூடப் பாக்கக் கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க."

முறை இருக்கத்தான் செய்தது. அதை எழுதியவளே அவள்தான். அவளுக்குப் பதிலாக டீன் அலுவலகத்திலிருந்து மார்சி ஓலாண்டர் என்ற அம்மாளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறவள். மெஷின் செய்வதை மனிதர் தொடக் கூடாது என்பது அவளுடைய கொள்கை. டார்லா எழுதி வைத்திருந்த அதிகாரபூர்வக் கையேட்டை வாங்கிக்கொண்டாள். டார்லாவுக்கு நாற்காலி ஆர்டர் செய்யும் வேலையும், கருத்தரங்குக்குக் காபி வாங்கும் வேலையும் கிடைத்தன.

டிசம்பர் பதினைந்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். எழுத்து மாதிரி ஒன்று இணைக்கச் சொல்லியிருந்தது. அவள் வாழ்க்கையில் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. அனுப்பும் முன் கர்ட் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இது அவங்களப் பத்தினதுதானே? அவங்களுக்கேவா அனுப்புற?"

"வேற எதுவும் எழுதலையே நான்."

"சமையல் குறிப்பு ஏதாவது?"

அனுப்பிவிட்டாள்.

ஜனவரி இருபத்தேழாம் தேதி காலை பத்து மணிக்கு மார்சி தன் மேஜையில் ஒரு பொத்தானை அழுத்தினாள். "போயிருச்சு," என்றாள் நிறைவாக. "ஆயிரத்து நாப்பத்து மூணு லெட்டர், ஒரே தட்டு. உங்க காலத்துல எத்தன நாள் ஆகும் டார்லா?"

"நாலு நாள்," என்றாள் டார்லா. அப்போது அவளுடைய கம்ப்யூட்டர் டிங் என்றது.

உங்கள் சாதனைகள் எங்களைக் கவர்ந்தன. இருப்பினும் இந்த ஆண்டு இடங்கள் மிகக் குறைவு என்பதால், என்று தொடங்கியிருந்தது. கடிதம் அவள் எழுதியது. கதகதப்பாக இருக்க வேண்டும், ஆனால் யாரும் திரும்ப வந்து பேசக் கூடாது என்று விட்காம் சொன்னதால், பல வருடங்களுக்கு முன் மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினாள். கீழே இருந்த விட்காமின் கையெழுத்தையும் அவள்தான் படம்பிடித்து ஒட்டியிருந்தாள். கொஞ்சம் சாய்ந்து ஒட்டிவிட்டோமே என்று இப்போதுதான் கவனித்தாள்.

சாயங்காலம் கர்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். கடைசி வரிவரை போய் மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"யாரு எழுதினாங்களோ. மனசு நோகாம எழுதிருக்காங்க," என்றான் கடைசியில்.

"நான்தான்."

"இதெல்லாமா எழுதுவ நீ?"

"வருஷத்துக்கு ஆயிரம்."

மறுநாள் காலை, பல் தேய்க்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கடிதத்தில் இரண்டு வகை உண்டு. குழு படித்துப் பார்த்து வேண்டாம் என்று சொன்னவர்களுக்குப் போவதில், "எங்கள் குழு கவனமாகப் பரிசீலித்தது" என்று ஒரு வரி இருக்கும். குழுவின் கைக்கே போகாத விண்ணப்பங்களுக்கு அந்த வரி இருக்காது. பொய் சொல்லக் கூடாதே என்று அவள்தான் அப்படி வைத்திருந்தாள். அவளுக்கு வந்த கடிதத்தில் அந்த வரி இல்லை. அவளை யாரும் படிக்கவே இல்லை.

ஏன் என்பதும் உடனே தெரிந்துவிட்டது. விண்ணப்பத்தில் சராசரி மதிப்பெண் என்று ஒரு கட்டம் உண்டு. பூஜ்யத்திலிருந்து நாலு வரை ஓர் எண்ணைத்தான் அது வாங்கிக்கொள்ளும். பாஸ் மட்டும் தருகிற பல்கலைக்கழகத்தில் படித்தவளிடம் ஏது எண்? அதைக் காலியாக விட்டிருந்தாள். எண் இல்லாத விண்ணப்பம் எதுவும் தன் மேஜைக்கு வரக் கூடாது என்று பதினாலு வருடத்துக்கு முன் விட்காம் சொல்ல, அவற்றை நிறுத்தி வைக்கும் பெட்டி ஒன்றைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கியதும் டார்லாதான். அந்தப் பெட்டியில் விழுந்தவை ஜனவரி கடைசியில் தானாகவே நிராகரிப்பாகிவிடும்.

ஆனால் அவள் இருந்தவரை எதுவும் தானாக நடந்ததில்லை. எண் இல்லாதவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்ல என்று முதல் வருடமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இந்தியாவில் நூற்றுக்குப் போடுகிறார்கள். பிரான்சில் இருபதுக்குப் போட்டுவிட்டு, யாருக்கும் பதினாறுக்கு மேல் தரமாட்டார்கள். ஜெர்மனியில் ஒன்று என்றால் அபாரம், ஐந்து என்றால் தோல்வி. ஆகவே ஒவ்வொரு ஜனவரியிலும் அவள் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் படித்து, கணக்குப் போட்டுக் கட்டத்தை நிரப்பி உள்ளே தள்ளிவிடுவாள். சிலருக்குப் போன் செய்து, "தம்பி, உன் சான்றிதழ்ல ரெண்டாம் பக்கத்தக் காணோம், வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு," என்பாள். வருடா வருடம் சேர்ந்த முப்பது பேரில் ஏழெட்டுப் பேர் அந்தப் பெட்டி வழியாக வந்தவர்கள். இது இயக்குநர் போட்ட விதிக்குக் கொஞ்சம் மாறானது என்பதால் கையேட்டில் எழுதவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. செய்தாள், அவ்வளவுதான்.

அலுவலகத்துக்குப் போனதும் மார்சியிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"அந்த நிறுத்தி வெக்கிற பெட்டியில இந்த வருஷம் எத்தன இருந்துச்சு?"

"அறுபத்து மூணு. நான் தொடவே இல்ல. தானாவே காலியாயிருச்சு. நல்ல மெஷின் டார்லா, நீங்கதான் செஞ்சீங்களாமே."

இரண்டு நாள் டார்லா இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அறுபத்து மூன்றில் அவளும் ஒருத்தி. வாயைத் திறந்தால், பட்டத்தைப் பறந்து பறந்து வாங்கியவள் பின்வாசல் வழியாகவும் நுழையப் பார்க்கிறாள் என்பார்கள். அப்படிச் சொல்லமாட்டார்கள் என்று நம்ப முடியாத அளவுக்கு அவளுக்குத் துறையை நன்றாகத் தெரியும். திறக்காவிட்டால் மற்ற அறுபத்திரண்டு பேருக்கும், எங்கேயோ உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு, போன் செய்ய ஆள் கிடையாது. பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு விதியைத்தான் உடைத்திருந்தாள். அது உடைந்திருந்தது என்பதே, அவள் கையை எடுத்தபிறகுதான் தெரியவந்தது.

வியாழக்கிழமை ஹெடியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், மனுவாகத் தான் எழுதிவந்த ஒரு தாளை நீட்டினாள்.

"அறுபத்திரண்டு பேரு. இவங்கள மட்டும் திரும்பப் படிக்கச் சொல்லுங்க."

"மார்சி அறுபத்து மூணுன்னாளே."

"என்னோடது வேண்டாம். நான் வந்து சொல்றதே தப்பாத் தெரியும்."

ஹெடி தாளை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். "டார்லா, நான் எண்ணுறதுக்குத்தான் சம்பளம் வாங்குறேன். அறுபத்து மூணுன்னா அறுபத்து மூணுதான்."

"என்ன சொல்லுவாங்க?"

"என்னவோ சொல்லுவாங்க. பதினாலு வருஷமா அந்தப் பொட்டிய நீ தொறந்து பாத்தியே, அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்குத் தெரியாது."

"அதான்," என்றாள் ஹெடி.

குழு இரண்டாம் முறை கூடிய அன்று டார்லாவைக் கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். அன்று உள்ளே என்ன நடந்தது என்பதை இரண்டு வருடம் கழித்து, இனி யாருக்கும் பாதகமில்லை என்ற நிலையில், ஹெடியே சொன்னாள்.

முதலில் பரிந்துரைக் கடிதங்கள். ஜோயல் எழுதியது மிக உருக்கமாக இருந்ததாம். என்ன, இரண்டாம் பத்தியில் டார்லாவின் பெயர் டிராவிஸ் ஆகியிருந்தது. டிராவிஸ் ஒரு புயல் என்று எழுதியிருந்தான். பிறகு ஒரு பேராசிரியர், ஐந்து மாதத்தில் பட்டமா, என் வீட்டுச் சமையலறையை மாற்றவே ஒன்பது மாதம் ஆயிற்று என்றார். இன்னொருவர், அப்படியானால் சமையலறைக்காரனைத்தான் குறை சொல்ல வேண்டும் என்றார். அப்புறம் எழுத்து மாதிரியை எடுத்தார்கள். விட்காம் அதை முந்தின நாளே பார்த்திருந்தார் போலிருக்கிறது. முகம் அவ்வளவு சரியில்லை.

"முயற்சியப் பாராட்டுறேன்," என்றாராம். "ஆனா அடிப்படையிலயே ஒரு கோளாறு இருக்கு. நாம எடுத்தவங்கள மட்டும்தான் இந்தம்மா பாத்திருக்காங்க. நாம வேண்டாம்னவங்க எப்படிப் படிச்சிருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? அது தெரியாம எங்க புள்ளிக்கு அர்த்தமில்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்? இளநிலை மாணவர்கூட இதக் கவனிச்சிருக்கணும்."

"பதினோராம் பக்கம், ஆல்டன்," என்றாளாம் ஹெடி.

"என்ன?"

"பதினோராம் பக்கத்துல இதையே அவ எழுதியிருக்கா. நீங்க சொன்னத விடத் தெளிவா."

விட்காம் பக்கங்களைப் புரட்டினார். பதினோராம் பக்கம் வரை அவர் போயிருக்கவில்லை என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. படித்தார். பிறகு பத்துக்கு நாலு என்று புள்ளி போட்டார்.

"நாலா?" என்றாள் ஹெடி.

"என் மதிப்பீடு அது."

"போடுங்க. உங்க புள்ளிக்கு என்ன பொருள்னு நாலாம் பக்கத்துல படம் போட்டே காட்டிருக்கா."

யாரோ சிரித்துவிட்டார்கள். யார் என்று ஹெடி கடைசி வரை சொல்லவில்லை.

அறுபத்து மூன்று பேரில் எட்டுப் பேருக்கு நேரடியாக இடம் கிடைத்தது. டார்லா காத்திருப்போர் பட்டியலில் பதினோராவதாக வந்தாள். அந்தக் கடிதமும் அவள் எழுதி வைத்திருந்ததுதான் என்பதால் படிக்காமலே மூடினாள். ஏப்ரல் பாதியில், பெரிய பெயர் எடுத்த பல்கலைக்கழகங்கள் கூப்பிட்ட பிள்ளைகள் எல்லாம் அங்கே போய்விட, பட்டியல் மெல்ல மேலே ஏறியது. பதினெட்டாம் தேதி விட்காமே அவள் மேஜைக்கு வந்தார். எட்டு அடிதான், ஆனாலும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"வாழ்த்துகள் டார்லா. ஒரு நிபந்தனை. கோடையில நேரியல் இயற்கணிதம் ஒரு பாடம் முடிச்சுட்டு வரணும். வேகமா முடிக்க உங்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன."

குத்தலா, பாராட்டா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபடவில்லை போலத்தான் இருந்தது. "கட்டுரைய முழுசாப் படிச்சேன்," என்றார் போகும்போது. "மூணாவது அட்டவணையில ஒரு தலைப்பு தப்பு."

அவர் சொன்னது சரி. தப்பாகத்தான் இருந்தது.

கோடையில் ஏரிக்கு அக்கரையில் இருந்த இரண்டாண்டுக் கல்லூரியில், அவள் ஒருகாலத்தில் பாதியில் விட்டுப்போன அதே கல்லூரியில், அந்தப் பாடத்தை எட்டு வாரத்தில் முடித்தாள். வேகமாகப் படிக்க அங்கே வழியில்லை. வாத்தியார் மெதுவான மனிதர்.

ஆகஸ்டில் பணியாளர் அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம். இளநிலைப் பட்டம் பெற்றதற்கு வாழ்த்து. தற்போது வகிக்கும் பதவிக்கு அவள் முழுத் தகுதி பெற்றுவிட்டாள் என்று மகிழ்ச்சியோடு தெரிவித்திருந்தார்கள். அடுத்த பத்தியில், ஒரு துறையின் மாணவர் அதே துறையின் மாணவர் கோப்புகளைக் கையாளக் கூடாது என்பதால், அந்தப் பதவியிலிருந்து அவள் விடுவிக்கப்படுவதாகவும், பால் பண்ணை அறிவியல் துறையில் சமமான இடம் ஒன்று காலியிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். சம்பளம் கொஞ்சம் கூட. படிப்புக் கட்டணத்தில் முக்கால்வாசியைப் பல்கலைக்கழகமே ஏற்கும்.

"மாடுங்ககிட்டயா அனுப்புறாங்க?" என்றான் கர்ட்.

"மாட்டப் பத்திப் படிக்கிறவங்ககிட்ட."

"மாடே பரவாயில்லையே."

அவள் இருந்த இடத்துக்குப் புதிதாக வந்தவன் முதுநிலைப் பட்டதாரி. பெட்டியை வருடா வருடம் திறந்து பார்க்க வேண்டும் என்பதை இம்முறை கையேட்டில் மூன்று பக்கத்துக்கு எழுதி, கீழே ஹெடியிடம் கையெழுத்தும் வாங்கி வைத்துவிட்டுத்தான் டார்லா மேஜையைக் காலிசெய்தாள்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. இருபத்தெட்டுப் பேருக்கு அவளுக்குப் பிள்ளையாக இருக்கக்கூடிய வயது. ஒருவனுக்கு அதுவும் இல்லை. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் எழுந்து, வருகைப் பதிவுத் தாள் எங்கே என்று கேட்டார்கள். பின்வரிசையில் போய் அவள் உட்கார்ந்ததும் எழுந்தவர்களும் மெல்ல உட்கார்ந்தார்கள். ஹெடி உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், பலகையில் எழுத ஆரம்பித்தாள். முதல் அரைமணி நேரம் டார்லாவுக்குப் புரிந்தது. அதற்கப்புறம் டிசம்பர் வரை அப்படிப்பட்ட அரைமணி வரவில்லை.

தயாரானபோது எழுதிக்கொள்ளும் தேர்வு இங்கே இல்லை. தேர்வு வருகிறது, தயாரோ இல்லையோ போய் உட்கார வேண்டும். அக்டோபர் இடைத்தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கினாள். தாளின் மூலையில், என்னை வந்து பார், என்று ஹெடியின் கையெழுத்து. பால் பண்ணைத் துறையில் அரைமணி அனுமதி கேட்டுக்கொண்டு, பழைய கட்டடத்துக்கு நடந்தாள். போகும்போதே சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டாள். ஐந்து மாதத்தில் வாங்கிய பட்டம் ஐந்து மாதப் படிப்புதான். அதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது.

"நான் விலகிக்கட்டுமா?" என்றாள் உட்காருமுன்.

"எதுக்கு?"

"நாப்பத்தொண்ணு."

"வகுப்புச் சராசரி முப்பத்தெட்டு," என்றாள் ஹெடி. "நீ வகுப்போட ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாத்துட்டு வருவேன்னு நெனச்சேன். எல்லாரையும் மாதிரி அழ வந்துட்டியே."

"அழல."

"நல்லது. கூப்பிட்டது வேற விஷயம். ரெண்டாம் கேள்விக்கு நீ போட்ட வழி தப்பு. ஆனா சுவாரசியமான தப்பு. உக்காரு."

ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தார்கள். பால் பண்ணைத் துறையிலிருந்து இரண்டு முறை போன் வந்தது, எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது முதல் பனி விழ ஆரம்பித்திருந்தது, அந்த வருடம் கொஞ்சம் முன்னதாகவே. வண்டிக் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு ஏறினாள். மாவட்டச் சாலையில் பாதி தூரத்தில் கர்ட்டின் ஆரஞ்சு வண்டி எதிரே வந்தது. வேகத்தைக் குறைத்துச் சன்னலை இறக்கினான்.

"எத்தன?"

"நாப்பத்தொண்ணு."

"எத்தனைக்கு?"

"நூத்துக்கு."

கர்ட் அதை யோசித்துப் பார்த்தான். பின்னால் ஒரு பால் லாரி வந்து நின்றது. ஓட்டியவன் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தான். "துரத்திவிட்டாங்களா?" என்றான்.

"இல்ல. செவ்வாக்கெழம மறுபடி வரச் சொன்னா."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, பனி தள்ளும் கத்தியைத் தரையில் இறக்கி, அவளைத் தாண்டிப் போனான். டார்லா நாற்பது மைல் வேகத்தில், அவன் தள்ளிவிட்டுப் போன சாலையில், இரண்டாம் கேள்வியை யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.